'எதிர்பாராத விதமாக' கல்லு உடையாதுங்க அய்யா

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்ங்க.

நான் சேலம் கொண்டலாம்பட்டி பக்கம் சின்னதா ஒரு வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன், கேட்டு, கிரில்லு, மாடிப்படி கைப்பிடி, தகர ஷெட்டு இதான் தொழிலு, 26 வருஷம் ஓடிப்போச்சு. காலைல ஷட்டர தூக்கி சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிட்டு எதுத்தாப்ல டீக்கடைல உங்க பேப்பர ஒரு மேய்ச்சல் மேஞ்சாதான் எனக்கு அன்னைக்கு கையே ஓடும். அதுல அடிக்கடி வர்ற ஒரு வார்த்தைய பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா உள்ளுக்குள்ள அரிச்சிக்கிட்டே இருந்துச்சு, இன்னைக்கு மாசாந்திர பவர் கட்டு, சாயங்காலம்தான் கரண்ட் வரும்னு சொல்லிட்டாங்க, அதான் போன எடுத்துட்டு உக்காந்துட்டேன்.

அந்த வார்த்தை 'எதிர்பாராத விதமாக'. பட்டறையில் வேலை பார்த்தபோது எதிர்பாராத விதமாக கிரைண்டிங் டிஸ்க் உடைந்து முகத்தில் பட்டதில் அப்படின்னு ஒரு மூலைல நாலு வரி போடுவீங்க. பேரு வயசு ஊரு இருக்கும், எந்த ஆஸ்பத்திரில சேத்தாங்கன்னு இருக்கும், போலீசார் விசாரிக்கின்றனர்னு முடிஞ்சிரும். டிஸ்க்குன்னா கை மிஷின்ல சுத்தி இரும்ப அறுக்குற, தேய்க்கிற வட்டக்கல்லுங்க. என்ன மிஷினு, எத்தன இஞ்சு டிஸ்க்கு, மேல கார்டு, அதான் டிஸ்க்க பாதி மூடுற பாதுகாப்பு மூடி, இருந்துச்சா, அந்த டிஸ்க்கு அந்த மிஷினுக்கு உண்டானதுதானா, இது ஒண்ணும் இருக்காது. படிக்கிறவரு ஐயோ பாவம்னு உச்சு கொட்டிட்டு ராசிபலனுக்கு போயிடுவாரு. நானும் அப்படித்தான் போயிட்டு இருந்தேன், எங்க அக்கா மகன் விஷயம் நடக்குற வரைக்கும்.

அவன் அப்ப என்கூட ஹெல்பரா இருந்தான், 20 வயசு, சொன்ன வேலைய சொல்லி முடிக்கிறதுக்குள்ள செய்யிற பையன், அதுதான் வினையே. அஸ்தம்பட்டி பக்கம் ஒரு வீட்டுல பழைய கேட்ட அறுத்து எடுத்துட்டு புதுசு மாட்டணும், தூணுக்குள்ள பதிச்ச ஒரு கனமான ஆங்கிள், அதான் எல் வடிவ இரும்பு, நாலு இஞ்சு மிஷின்ல அறுத்தா ஆழம் பத்தல. ஏழு இஞ்சு பெரிய மிஷின் காயில் போயி ரீவைண்டிங்க்கு குடுத்திருந்தேன், ஆனா அதோட டிஸ்க்கு மட்டும் பையில கெடந்துச்சு. நான் வெல்டிங் ராடு வாங்க கடைக்கு போன நேரத்துல இவன் அந்த ஏழு இஞ்சு டிஸ்க்க எடுத்து நாலு இஞ்சு மிஷின்ல மாட்டிட்டான். ஓட்டை பெருசுங்க, மிஷின்ல டிஸ்க்கு உக்கார்ற எடம் 16 எம்எம், டிஸ்க்கு ஓட்டை 22 எம்எம், அந்த சந்துக்கு தகரத்த வளைச்சு ஒரு வளையம் பண்ணி செருகியிருக்கான், மூளைக்காரன்தான். கார்டு இருந்திருந்தா அவ்ளோ பெரிய டிஸ்க்கு உள்ளயே போயிருக்காது. கார்டு இல்ல. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே அத கழட்டி டூல் பெட்டி அடியில போட்டது நாந்தான்.

நான் தெருமுனை திரும்புறப்ப டப்புன்னு ஒரு சத்தம், ட்யூப்லைட்டு கீழ விழுந்து உடைஞ்ச மாதிரி. போயி பாத்தா ஒரு துண்டு காம்பவுண்டு சுவத்து பூச்ச பேத்துக்கிட்டு அப்படியே சொருகி நிக்குது, இன்னொண்ணு இவன் கன்னத்த கிழிச்சிட்டு காதோரமா போயிருக்கு. ஒம்பது தையலு. காயத்துக்கும் கண்ணுக்கும் நடுவுல என் சுண்டுவிரல் அகலம்தான் எடம் இருந்துச்சு. ஆஸ்பத்திரில டாக்டரம்மா எப்படிப்பா ஆச்சுன்னு கேட்டாங்க, நான் கூசாம சொன்னேன், எதிர்பாராம டிஸ்க்கு உடைஞ்சிருச்சுங்க மேடம்னு. அந்த வார்த்தை என் வாயிலிருந்துதான் வந்துச்சு அய்யா, அதனால உங்க பேப்பர மட்டும் நான் குத்தம் சொல்ல முடியாது. மொதலாளிக்கு கேஸு ஆயிடும்னு பயம், வேலை பாக்குறவனுக்கு வேலை போயிடும்னு பயம், ரெண்டு பேருக்கும் சௌகரியமான ஒரு வார்த்தை, அதையே ஸ்டேஷன்லயும் எழுதிக்கிறாங்க, உங்க நிருபர் தம்பியும் அங்கிருந்து அதையே வாங்கிட்டு வந்துடறாரு.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வராம போன்ல கணக்கு போட்டு பாத்தேன். நாலு இஞ்சு மிஷினு நிமிஷத்துக்கு 11,000 சுத்து சுத்துது. ஏழு இஞ்சு டிஸ்க்கு மேல 8,500ன்னு அச்சடிச்சே இருக்கு, அதுக்கு மேல சுத்தாதேன்னு அர்த்தம், செகண்டுக்கு 80 மீட்டர்தான் அது தாங்குற விளிம்பு வேகம். இவன் மாட்டுன லட்சணத்துல விளிம்பு வேகம் 100 மீட்டர தாண்டிருச்சு, மணிக்கு 370 கிலோமீட்டர். ஆத்தூர் ரோட்டுல பஸ்ஸு 80ல போனாலே முன்சீட்டு கம்பிய கெட்டியா புடிச்சிக்கிற ஆளுங்க நாம. ஒழுங்கான நாலு இஞ்சு டிஸ்க்கே சும்மா சுத்துறப்ப 200 கிலோமீட்டர் வேகம் வருது, அது உடைஞ்சா துண்டு அந்த வேகத்துலயேதான் கிளம்பும், நமக்கு கண்ண மூடக்கூட நேரம் இருக்காது. இதுக்கு பெரிய படிப்பெல்லாம் வேணாம்ங்க, டிஸ்க்குல போட்டிருக்குற நம்பர் மிஷின் பட்டையில போட்டிருக்குற நம்பர விட கூட இருக்கணும், கொறைஞ்சா மாட்டாத, அவ்ளோதான். நாலு இஞ்சு டிஸ்க்குல 15,200க்கு கிட்ட போட்டிருப்பான், மிஷினு 11,000, சரியா போச்சு. மரம் அறுக்குற பல்லு வச்ச பிளேட கை கிரைண்டர்ல மாட்டுறது இதவிட மோசம், அது கல்லு மாதிரி உடையாது, மரத்துல கடிச்சு மிஷினையே நம்ம தொடை மேல எத்தி விட்டுடும்.

கார்டு ஏன் கழட்டுறோம்னு கேப்பீங்க. மூலைக்குள்ள மிஷின் போகாது, வெல்டிங் ஜாயிண்ட்டு கண்ணுக்கு தெரியாது, இதான் காரணம், நியாயமான காரணம் மாதிரியேதான் இருக்கும். ஆனா ஒரு ஸ்க்ரூவ லூஸ் பண்ணா கார்டு சுத்தும், நமக்கு வேணுங்குற பக்கம் திருப்பி வச்சுக்கலாம், அதுக்கு அரை நிமிஷம் ஆகாது. ஐடிஐ முடிச்சு வர்ற பசங்களுக்கு இதெல்லாம் நல்லாவே தெரியும், பட்டறைக்கு வந்த ஒரே மாசத்துல நாங்களே மறக்க வச்சிருவோம். அதே மாதிரிதான் கட்டிங் டிஸ்க்க படுக்க வச்சு வெல்டிங்க தேய்க்கிறது, அது 1 எம்எம் கனம்ங்க, நேரா அறுக்கத்தான் ஆகும், சைடுல அழுத்துனா அப்பளம்தான். தேய்க்கிறதுக்குன்னு 6 எம்எம் டிஸ்க்கு தனியா இருக்கு, மாத்துறதுக்கு சோம்பேறித்தனம். டிஸ்க்கு நட்ட திருகுற பின் ஸ்பேனர் தொலைஞ்சு போயிருக்கும், உளிய வச்சு சுத்தியில தட்டி நட்ட டைட் பண்ணுவாங்க, அப்பவே டிஸ்க்கு பாதி செத்துரும்.

எங்க மச்சான் ஏற்காட்டுல ஒரு காப்பி எஸ்டேட்டு ஒர்க்‌ஷாப்புல இருக்காரு, காப்பிப்பழத் தோல உரிக்கிற பல்ப்பர் மிஷினு, கேட்டு, டிராக்டர் ட்ரெய்லர் எல்லாம் அவருதான் பாப்பாரு. போன வருஷம் நான் போயிருந்தப்ப ஷெட்டுல ஒரு மூட்டை டிஸ்க்கு, ஈரத்துல அட்டை டப்பாவே பூசணம் புடிச்சு கருப்பா கெடக்கு. மொத்தமா வாங்குனா கொறச்சலா வருதேன்னு எவரோ வாங்கி போட்டது. ஒண்ண எடுத்து நடு ஓட்டைய சுத்தி இருக்குற தகர ரிங்க தொடச்சு பாத்தா மாசமும் வருஷமும் குத்தியிருக்கு, காலாவதி ஆகி ரொம்ப நாளாச்சு. மச்சான் சிரிக்கிறாரு, இதென்ன மாத்திரையா மாப்ள தேதி பாத்து சாப்பிடன்னு. அது மாத்திரையேதான்னு சொன்னேன். இந்த டிஸ்க்குல மண்ண ஒட்ட வச்சிருக்கிறது ஒரு ரெசின் பசை, உள்ள நாரு வலை, அந்த பசை செஞ்ச தேதியிலிருந்து மூணு வருஷம்தான் கணக்கு, அதுவும் காஞ்ச எடத்துல படுக்க வச்சிருந்தா. ஏற்காட்டு பனியிலயும் ஐப்பசி கார்த்திகை மழையிலயும் ஈரத்த குடிச்சு குடிச்சு அது அதுக்கும் முன்னாடியே சொத்தையாயிடும், வெளிய பாத்தா புதுசு மாதிரியே இருக்கும். நான் அந்த மூட்டைய அப்படியே தூக்கி போடச் சொன்னேன், போட்டாரான்னு தெரியல, காசு போட்டு வாங்குனதாச்சே. ஒரு டீயும் வடையும் சாப்பிடற காசுதான் ஒரு டிஸ்க்கு.

இப்ப பென்ச் கிரைண்டர், அதான் மேசை மேல பதிச்சு வைக்கிற தேய்ப்பு மிஷினு, அந்த சமாச்சாரம். அதுல போடுறது வேற கல்லு, மண்பானை மாதிரி சூளையில சுட்டது, அதனால பானை மாதிரியே கீழ போட்டா விரிசல் விடும், விரிசல் கண்ணுக்கே தெரியாது. அத கண்டுபிடிக்க பழைய மேஸ்திரிங்க ஒரு வேலை பண்ணுவாங்க, எனக்கு செவ்வாய்ப்பேட்டைல தொழில் கத்துக்குடுத்த மேஸ்திரி புது கல்லு வாங்குனா கடையிலயே வச்சு பண்ணுவாரு. கல்லோட ஓட்டைக்குள்ள விரல விட்டு தொங்க விடணும், பெரிய கல்லா இருந்தா ஒரு ராடுல. ஸ்க்ரூ டிரைவர் மரப்பிடியால, இரும்பால இல்ல, விளிம்புல இருந்து ரெண்டு விரல் உள்ள தள்ளி, நட்ட நடு கோட்டுக்கு ரெண்டு பக்கமும் சாய்வா லேசா ஒரு தட்டு. அப்பறம் கல்ல கொஞ்சம் திருப்பி மறுபடி தட்டு. சந்தைல பானை வாங்குற அம்மா சுண்டி பாப்பாங்களே, அதேதான். கணீர்னு சொன்னா நல்ல கல்லு, டொக்குன்னு சத்தம் செத்து போச்சுன்னா அந்த கல்ல வாங்காத. கல்லு காஞ்சு சுத்தமா இருக்கணும், ஈரமா இருந்தா நல்ல கல்லே டொக்குன்னுதான் சொல்லும். கை மிஷின் டிஸ்க்குக்கு இது சரியா வராது, ரெசின் டிஸ்க்கு கணீர்னு பேசாது, அதுக்கு கண்ணால பாத்து தேதி பாத்துதான் எடுக்கணும்.

கல்லோட ரெண்டு பக்கமும் வட்டமா ஒரு காகிதம் ஒட்டியிருக்கும், அத லேபிள்னு நெனச்சு சில பேரு உரிச்சு போட்டுருவாங்க. அது மெத்தைங்க. ரெண்டு பக்கமும் இருக்குற ஃபிளாஞ்ச்னு சொல்ற இரும்பு வட்டத்தகடு கல்ல புடிக்கிறப்ப அமுக்கம் ஒரே எடத்துல விழாம பரவுறதுக்காக வச்சது, அது இல்லாம இறுக்குனா கல்லுல நடுவுல இருந்தே கோடு விழும். ரெண்டு ஃபிளாஞ்சும் ஒரே சைஸ் இருக்கணும், கல்லு அகலத்துல மூணுல ஒரு பங்காவது. ஒரு பக்கம் ஒரிஜினல், மறுபக்கம் ஏதோ பெரிய வாஷர், இப்படித்தான் பாதி பட்டறையில ஓடுது. கல்லு ஸ்பின்டில்ல, அதான் கல்ல சுத்துற தண்டுல, தானா வழுக்கிட்டு போகணும், போகலைன்னா அரம் போட்டு ஓட்டைய பெருசாக்காத. இடது பக்க நட்டு இடது மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்புனாத்தான் கழலும், புதுசா வர்ற பையன் அத தெரியாம வழக்கமா கழட்டுற பக்கமே திருப்பி இன்னும் இன்னும் இறுக்கிட்டே இருப்பான். புது கல்லு போட்டா கார்டெல்லாம் மாட்டிட்டு ஒதுங்கி நின்னு ஒரு நிமிஷம் சும்மா ஓட விடணும், உடையிறதா இருந்தா பெரும்பாலும் அந்த ஒரு நிமிஷத்துலயே காட்டிக்குடுத்துரும்.

தேய்க்கிற பொருள தாங்குற ரெஸ்ட்டுக்கும் கல்லுக்கும் சந்து 3 எம்எம்க்கு மேல கூடாது, மேல கார்டு வாயில இருக்குற நாக்கு மாதிரி தகட்டுக்கு 6 எம்எம். கல்லு தேய தேய சந்து பெருசாகும், அத யாரும் தள்ளி வைக்க மாட்டாங்க, பக்கத்து பட்டறைல ஒருத்தர் சின்ன துண்டு ஒண்ண கூர் போடறப்ப அந்த சந்துல துண்டு எறங்கி கூடவே விரலும் போச்சு. நான் ஒரு 3 எம்எம் பிளேட் துண்ட மிஷின் பக்கத்துலயே நூலு கட்டி தொங்க விட்டிருக்கேன், சந்துல அது நுழையிற அளவுதான் இருக்கணும், மிஷின நிறுத்திட்டு வச்சு பாத்து ரெஸ்ட்ட நகத்திக்குவேன். அலுமினியம் தேச்சா கல்லு அடைச்சு வழவழன்னு ஆயிரும், அப்பறம் வெட்டாது, வெட்டலைன்னு இன்னும் அழுத்துவான், கல்லு சூடேறும். டிரஸ்ஸர்னு கல்ல சுரண்டுற கருவி இருக்கு, அத போட்டு கல்லு முகத்த சுத்தம் பண்ணா புதுக்கல்லு மாதிரி வெட்டும்.

ஆயுத பூஜை கதைய சொல்லாம விட்டா எனக்கு மனசு ஆறாது. எங்க பட்டறைல வருஷா வருஷம் பசங்க எல்லா மிஷினையும் கழுவி சந்தனம் குங்குமம் வச்சு மாலை போடுவாங்க. ஒரு வருஷம் ஒருத்தன் ரொம்ப பக்தியா பென்ச் கிரைண்டர் கல்லு மேலயே ஒரு பக்கெட் தண்ணிய ஊத்தி கழுவிட்டான், பொட்டும் வச்சாச்சு. அந்த கல்லு ஸ்பான்ஞ்சு மாதிரி, தண்ணிய குடிச்சிருச்சு, ராத்திரி பூரா நின்ன எடத்துலயே நின்னதுல தண்ணியெல்லாம் கீழ்ப்பாதிக்கு எறங்கிடுச்சு. விஜயதசமி அன்னைக்கு நல்ல நேரம் பாத்து சுவிட்ச போட்டேன் பாருங்க, மிஷினுக்கு சாமி வந்த மாதிரி ஆடுது, டேபிளோட சேந்து ஆடுது, மேல இருந்த எலுமிச்சம்பழம் எங்கயோ உருண்டு போச்சு. கை நடுங்கி ஆஃப் பண்ணேன். ஒரு பக்கம் கனமான கல்லு அந்த வேகத்துல சுத்துனா பேரிங்கும் போகும் கல்லும் போகும். இப்ப பொட்டெல்லாம் மோட்டார் உடம்புல மட்டும்தான், கல்லு பக்கம் ஈரத்துணி கூட போகாது. சாமி கோச்சுக்கல.

கண்ண பத்தி ரெண்டு வார்த்தை. எங்க ஆளுங்க வெயிலுக்கு போடுற கூலிங் கிளாஸ போட்டுட்டு தேய்ப்பாங்க, அது பக்கவாட்டுல தொறந்து கெடக்கும், பிசிறு அங்கதான் நுழையும். நுழைஞ்சா பக்கத்துல இருக்குறவன் விசிட்டிங் கார்டு முனையால எடுத்து விடுவான், எனக்கே எடுத்திருக்கான். ரெண்டாம் நாள் கண்ணு செவந்து போயி டாக்டர்கிட்ட ஓடுனா இரும்புத்துகள் கருவிழியில துரு புடிச்சு ஒட்டியிருக்குன்னு சுரண்டி எடுத்தாரு, அந்த சுகத்த எதிரிக்கும் சொல்ல மாட்டேன். கண்ணுக்கு கண்ணாடி குடுக்கணும்னு 1948ல வந்த தொழிற்சாலை சட்டத்துலயே 35வது பிரிவுன்னு தனியா எழுதி வச்சாங்க, ஆனா அது ஆளு எண்ணிக்கை பாத்து ஃபாக்டரின்னு ஆனாத்தான், மூணு பேரு நாலு பேரு இருக்குற எங்க பட்டறைக்கு யாரு வந்து எட்டி பாக்க போறாங்க. லுங்கி, தோள்ல துண்டு, மார்கழியில ஐயப்ப மாலை, இதெல்லாம் மிஷின் கிட்ட போறப்ப ஒதுக்கிக்கணும். பென்ச் கிரைண்டர்ல துணி கிளவுஸும் ஆகாது, நூலு மாட்டுனா கையையே இழுக்கும்.

இத அடிச்சிக்கிட்டு இருக்குறப்பவே ஒண்ணு ஞாபகம் வந்து எழுந்து போயி பாத்துட்டு வந்தேன். காலைல கரண்ட் போனப்ப பையன் அறுத்துக்கிட்டு இருந்தான், மிஷின அப்படியே கீழ வச்சிட்டு சாப்பிட போயிட்டான். சுவிட்சு ஆன்லயே இருக்கு அய்யா. அந்த சின்ன மிஷின்ல சுவிட்ச தள்ளி விட்டா அப்படியே நிக்கும், கரண்ட் திரும்பி வந்தா ஆளில்லாத மிஷினு தரையில தானா கிளம்பி ஓடும், யாரு கால் கிடைக்குதோ அந்த கால். பிளக்க புடுங்கிட்டு வந்து மறுபடி உக்காந்திருக்கேன். பையன் வந்தா கத்தணும், ஆனா கத்துறதுக்கு முன்னாடி நானும் எத்தன வாட்டி அப்படி வச்சிட்டு போயிருக்கேன்னு நெனப்பு வருது.

அதனால அய்யா, உங்ககிட்ட நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு. அடுத்த தடவ இந்த மாதிரி செய்தி வந்தா உங்க நிருபர் தம்பிய கூட நாலு கேள்வி கேக்கச் சொல்லுங்க, மிஷினு எத்தன இஞ்சு, டிஸ்க்கு எத்தன இஞ்சு, கார்டு இருந்துச்சா, டிஸ்க்குல தேதி என்ன. பதிலு கெடச்சா அத போடுங்க, கெடைக்கலைன்னா சொல்ல மறுத்துட்டாங்கன்னாவது போடுங்க. அந்த ரெண்டு வார்த்தைய எடுத்துட்டு அந்த எடத்துல 'கார்டு கழற்றப்பட்ட இயந்திரத்தில்'னு ஒரு தடவ அச்சுல வந்துச்சுன்னா, டீக்கடைல படிக்கிற என்ன மாதிரி ஆளு பட்டறைக்கு போயி டூல் பெட்டிய கொடஞ்சு கார்ட தேடுவான். நான் தேடி எடுத்தது அக்கா மகன் தையல் பிரிச்ச அன்னைக்கு, துரு புடிச்சு கெடந்துச்சு, மண்ணெண்ணெய் போட்டு தேச்சு மாட்டுனேன்.

லெட்டர் நீளமாயிருச்சு, உங்க பக்கத்துல இவ்ளோ எடம் இருக்காதுன்னு தெரியும், வெட்டிக்கோங்க. என் சொந்த கதை, மச்சான் கதை, எலுமிச்சம்பழம் எல்லாம் போனாலும் பரவால்ல, கல்ல தொங்க விட்டு தட்டி பாக்குறத எழுதுன பாராவுல மட்டும் கை வச்சிடாதீங்க. ஃபேன் சுத்த ஆரம்பிச்சிருச்சு, சொன்ன நேரத்துக்கு முன்னாடியே கரண்ட் வந்துருச்சுங்க.

இப்படிக்கு,
ஒரு வெல்டிங் பட்டறைக்காரன்,
கொண்டலாம்பட்டி, சேலம்.